பட்டாளத்துப் பையனுக்கு வேதப்புத்தகம் அனுப்பலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய சபையைச் சேர்ந்த மூன்று பையன்கள் ராணுவத்தில் இருக்கிறார்கள். எல்லையில் பதற்றம் கூடியதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. வாலிபர் ஐக்கியத்தில் பணம் சேர்த்து நூறு புதிய ஏற்பாடு வாங்கி, அந்தப் பையன்களின் படைக் கம்பெனி முழுவதற்கும் அனுப்பலாம், ஒவ்வொன்றிலும் சங்கீதம் 91 அச்சிட்ட அட்டை ஒன்றை வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். இது சரியா, முன்பு போர்க்காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நான் இருபத்தைந்து வருஷம் ராணுவத்தில் பாத்ரியாக, அதாவது கிறிஸ்தவ மதஆசிரியராக, இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த அட்டைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது ஒரு ராணுவ ஆஸ்பத்திரி வார்டில் எனக்கு வேலை. நம் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கால் முறிந்து கிடந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் சின்னப் புதிய ஏற்பாட்டின் பின்பக்கம் இருந்த சங்கீதங்களில் 91-ஐத் திறந்து கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவன் புத்தகத்தைத் திருப்பி நீட்டினான். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற வரியில் விரலை வைத்து, "என் வலது பக்கம் விழுந்தது என் கூட்டாளி சார். அவனும் ஜெபம் பண்ணினவன்தான்" என்றான். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்று சொல்கிறான் அல்லவா? அவன் எடுத்துக்காட்டும் வசனம் இதே 91-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதமாக அந்தச் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்வதை இயேசுவே மறுத்துவிட்டார். நான் அந்தப் பையனிடம் அதைத்தான் உத்தரவாதமாகக் கொடுத்திருந்தேன். சங்கீதத்தில் குறை இல்லை, கொடுத்த விதத்தில்தான் குறை. எத்தனையோ பேர் அதைச் சொல்லிக்கொண்டே தைரியமாக மலை ஏறியிருக்கிறார்கள். ஆனால் அதை அட்டையில் தனியே அச்சிட்டுப் பைக்குள் போட்டால் அது தாயத்தாகிவிடும். தாயத்து பலிக்காத அன்றைக்கு அவனுக்குக் கூட்டாளியும் போய்விடுகிறான், கடவுளும் போய்விடுகிறார்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து அதே பையனிடம் 2 சாமுவேல் முதல் அதிகாரத்தை வாசித்தேன். யோனத்தான் போர்க்களத்தில் செத்த செய்தி கேட்டு தாவீது பாடும் புலம்பல். "என் சகோதரனாகிய யோனத்தானே, உனக்காக நான் வியாகுலப்படுகிறேன்." நம் பழைய புலவர்கள் கையறுநிலை என்று சொன்னது இதுதான். நம் ஊர்ப் பெண்கள் மாரடித்து வைக்கும் ஒப்பாரியும் இதே வகைதான். ஒரு போர்வீரன் இன்னொரு போர்வீரனுக்காக, எந்த ஆறுதலும் கலக்காமல், அழுகிற பாட்டு வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அவன் அழுதான். புத்தகத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

அதனால் என் பதிலின் சாரம் இது: கொடுங்கள், ஆனால் கேட்டவனுக்குக் கொடுங்கள். பயத்தைப் பயன்படுத்தி யாரிடமும் எதையும் திணிக்காதீர்கள். புத்தகத்தைக் கொடுப்பதோடு நில்லாமல், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

கம்பெனி முழுவதற்கும் என்றீர்கள். அதை விட்டுவிடுங்கள், தம்பி. காரணம் இரண்டு. ஒன்று சட்டம். ராணுவத்தில் ஒரு யூனிட்டுக்குள் எந்த மதப் புத்தகத்தையும் கமாண்டிங் ஆபீசருக்குத் தெரியாமல் மொத்தமாக விநியோகிக்க முடியாது. அதற்காகவே மதஆசிரியர்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பண்டிட், மௌல்வி, சீக்கியருக்குக் கிரந்தி, பாத்ரி என்று யூனிட்டில் இருக்கும் ஆட்களைப் பொறுத்து நியமிப்பார்கள். பல யூனிட்களில் எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரே கூரையின்கீழ் வழிபாட்டு இடம் இருக்கும். கிறிஸ்தவப் பையன் இந்துக் கூட்டாளியின் பூஜைக்கு நிற்பான், அவன் இவனுடைய கிறிஸ்துமஸுக்கு நிற்பான். அந்த நம்பிக்கையின்மேல்தான் ராத்திரிக் காவலே நடக்கிறது. உங்கள் மூன்று பையன்கள் பெயரில் நூறு புத்தகம் வந்து இறங்கினால், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மூன்று பேர்தான்.

இரண்டாவது காரணம் வரலாறு. வேலூர் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு முன் நடந்ததைப் பாருங்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுவிதத் தலைப்பாகை போடு என்று உத்தரவு வந்தது. நம்மைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு முகாமுக்குள் பரவியது. அரை நூற்றாண்டு கழித்து பராக்பூரில், மங்கள் பாண்டே இருந்த 34-ஆம் வங்காளப் படைப்பிரிவின் கர்னல் வீலர், தன் சிப்பாய்களுக்குத் தானே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சம்பளமும் தண்டனையும் யார் கையில் இருக்கிறதோ அவரே சுவிசேஷமும் சொன்னால், கேட்கிறவன் எப்படி மறுப்பான்? 1857 வெடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தச் சந்தேகமும் அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகுதான், குடிமக்களின் மதநம்பிக்கையில் அரசு தலையிடாது என்று 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனத்தில் எழுத வேண்டிவந்தது. வேதத்தைக் கொடுத்தவர்களின் மனசு நல்லதாகவே இருந்திருக்கலாம். வாங்கியவனுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

சரி, நல்லவிதமாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் நம் சீமைக்கு மிக அருகில் நடமாடியவர். பிரடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர். அவர் வருவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே அங்கே சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். சுவார்ட்ஸ் திருச்சியில் கோட்டைப் படையினரிடையே ஊழியம் செய்தார். அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அனாதையான பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1764-ல் மதுரைக் கோட்டைக்குள் யூசுப்கான், அதாவது மருதநாயகம். வெளியே ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும். அந்த முற்றுகைக்கு சுவார்ட்ஸ் போனது காயம்பட்டவர்களைக் கவனிப்பதற்காக. அதற்காக நவாப் கொடுத்த பணத்தையும் அனாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார். ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த பள்ளி இவர் பெயரில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1779-ல் நடந்தது. ஆங்கிலேயர் அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதரின் படையில் சம்பளத்துக்கு இருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களில் ஜெர்மானியரும் உண்டு. தூது வந்த இடத்தில் ஒரு கூடாரத்தில் அவர்களைக் கூட்டி, அவர்களுடைய மொழியில் ஆராதனை நடத்தினார். ஐதர் தடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், நாளைக்குச் சண்டை வந்தால் எதிரில் நிற்கப்போகிறவர்கள் இவர்கள். அவர்களுக்கும் அதே வார்த்தைதான். அடுத்த வருஷம் சண்டை வந்தது, பஞ்சமும் வந்தது. சுவார்ட்ஸ் முன்கூட்டியே நெல் வாங்கி வைத்திருந்து தஞ்சாவூரில் சனங்களுக்குச் சோறு போட்டார். ஐதர் தன் ஆட்களிடம் இந்தப் பாதிரியாரைத் தொந்தரவு செய்யாமல் போகவிடுங்கள் என்று உத்தரவிட்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாதாரண ஆட்களாலும் நடந்தது. 1771-ல் சுவார்ட்ஸின் குறிப்புகளில் பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்பவர் வேதத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதாக ஒரு செய்தி வருகிறது. அங்கிருந்த படையில் ஒரு ஆங்கிலேய சார்ஜென்ட் அவரைத் தாங்கியிருக்கிறார். மேலதிகாரி உத்தரவு எதுவும் கிடையாது. வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்க விரும்பிய சிலர், அவ்வளவுதான்.

அச்சடித்துக் கொடுக்கும் சங்கங்களின் கதை வேறு மாதிரி. 1643-ல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் பார்லிமென்ட் படைக்குப் பதினாறு பக்கத்தில் ஒரு சட்டைப்பை வேதம் அச்சிட்டார்கள். முழு வேதம் இல்லை, பொறுக்கி எடுத்த வசனங்கள்தான், பெரும்பாலும் பழைய ஏற்பாடு. அதில் ஒரு தலைப்பு என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. உன் எதிரி என்ற அளவில் அவனை நேசி, கடவுளின் எதிரி என்ற அளவில் அவனை வெறு என்கிறது. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று இயேசு சொன்னதற்கு அப்படி ஒரு ஓட்டை போட்டுவிட்டார்கள். வசனம் பொறுக்குகிறவர்கள் எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து, இது எச்சரிக்கை.

1779-ல், சுவார்ட்ஸ் ஐதரிடம் போன அதே வருஷம், லண்டனில் சாதாரண மெதடிஸ்ட் சபையார் இருவர் தரைப்படைக்கும் கடற்படைக்கும் வேதம் கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் புத்தகம் கொடுத்த கப்பல் ராயல் ஜார்ஜ். 1782 ஆகஸ்டில் அது துறைமுகத்துக்கு அருகிலேயே கவிழ்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. வேதம் இருந்த கப்பல் மூழ்காது என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சங்கத்தார் மனம் உடைந்து நிறுத்திவிடவில்லை. அவர்கள் கொடுத்தது காப்புக்கட்டு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களின் புதிய ஏற்பாடுகளில் தளபதி லார்டு ராபர்ட்ஸின் வாழ்த்து இருந்தது. 1941-ல் அமெரிக்க வீரர்களின் பிரதிகளில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கடிதம் இருந்தது. வேதப்புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கும் கிதியோன் சங்கத்தார் ராணுவத்தினருக்குக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். நெஞ்சுப் பையில் வைக்க இரும்புத் தகடு மேலட்டையோடு கூட அப்போது விற்றார்கள். மகனை அனுப்பிய தாய் அதை ஏன் வாங்கினாள் என்று எனக்குப் புரிகிறது. குண்டைத் தடுத்த புத்தகங்கள் என்று காட்சிசாலைகளில் சில இருக்கின்றன. ஆனால் அந்தக் கதைகளைப் பிரசங்கத்தில் சொல்லாதீர்கள். மகனை இழந்த வீடு ஒன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

நான் உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்ல விரும்புவது ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை. 1914 கடைசியில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சில் இறங்கினார்கள். குளிர், சேறு, தெரியாத மொழி. ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் அவர்களிடையே வேலை செய்ய அனுமதி கிடைத்தது, மதப்பிரசாரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். டீ கொடுத்தார்கள், விளையாட்டு நடத்தினார்கள், எழுதத் தெரியாதவர்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 1916-ல் அந்த இயக்கத்தின் தேசியப் பொதுச்செயலர் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் சேலத்தில் பிறந்த கே.டி. பால் என்ற தமிழர். வேதத்தை வாயால் சொல்லாமல், இன்னொருவன் தன் அம்மாவுக்குச் சொல்ல நினைத்ததை எழுதிக் கொடுத்த அந்த வேலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. உங்கள் பையன்கள் கம்பெனியில் மற்றவர்களுக்கும் ஏதாவது அனுப்ப ஆசை என்றால், சீப்புச்சீடையும் மணகோலமும் ஒரு பெரிய டின்னில் அனுப்புங்கள். அதைப் பங்கிட்டுத் தின்ன எந்த அனுமதியும் வேண்டாம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சீமையில் போர் என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது பர்மா. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், வட்டிக்கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு எத்தனையோ பேர் காடும் மலையுமாக நடந்து வந்தார்கள். எங்கள் தெருவில் இருந்த ஆச்சியின் அப்பச்சி அப்படி வந்தவர். கணக்குப் புத்தகத்தைக்கூட வழியில் விட்டுவிட்டாராம், இடுப்புத் துணியில் முடிந்திருந்த சின்னத் தேவாரப் புத்தகத்தை மட்டும் விடவில்லை. ஆச்சி அதை எனக்குக் காட்டியபோது பக்கமெல்லாம் வியர்வைக் கறை. வேதம் என்று ஒன்றை மனுஷன் கையில் பிடித்துக்கொள்வது எதற்காக என்று எனக்கு அதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை. உங்கள் பையனின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் சட்டைப்பையில் அவன் அம்மா பிள்ளையார்பட்டியில் வாங்கி மடித்துக் கொடுத்த விபூதி இருக்கும். அதற்குக் கொடுக்கும் மரியாதைதான் உங்கள் புத்தகத்துக்கும் மரியாதை வாங்கித் தரும்.

இப்போது உங்கள் மூன்று பையன்களுக்கு என்ன அனுப்பலாம் என்று பார்ப்போம். சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாடு போதும், எடை முக்கியம். ஆனால் எழுத்து பொடிசாக இருக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் படிப்பார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். போனிலேயே வேதம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். முன்னணி முகாம்களில் போன் எப்போதும் கையில் இருக்காது. 2020-ல் ராணுவமே 89 செயலிகளை நீக்கச் சொன்னது. காகிதம்தான் நம்பகமானது. கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் என்றால் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். சின்ன வயதில் காதில் விழுந்த வார்த்தைதான் பயத்தில் நினைவுக்கு வரும், அங்கே போய் "கர்த்தர்", "ஆண்டவர்" என்ற சொல் வேறுபாட்டில் தடுக்கி நிற்க வேண்டாம். முகவரி அவர்கள் கொடுத்தபடி 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணாகவே இருக்கட்டும். எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை உறையிலோ வாட்ஸ்அப் ஜெபக்குழுவிலோ எழுதாதீர்கள். "இன்ன இடத்தில் இருக்கும் எங்கள் தம்பிக்காக ஜெபியுங்கள்" என்ற செய்தி அவனுக்கே ஆபத்தாக முடியலாம்.

அட்டைக்குப் பதிலாக, முதல் வெற்றுப் பக்கத்தில் அவன் அம்மா கையெழுத்தில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். தளபதியின் கடிதத்தைவிட அதுதான் அவன் திரும்பத் திரும்பப் பார்க்கும் பக்கம். அதன்கீழே நீங்கள் சில பகுதிகளைக் குறித்துக் கொடுக்கலாம். பயமாக இருந்தால் சங்கீதம் 23. அது பள்ளத்தாக்கே இல்லை என்று சொல்லவில்லை, நடக்கும்போது கூட ஒருவர் இருக்கிறார் என்று சொல்கிறது. கோபமாக இருந்தால் சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." கடவுளிடம் இப்படிக் கேட்கலாம் என்பதே பல பையன்களுக்குப் புதுச் செய்தி. எதுவுமே ஒட்டாத நாளில் 88. விடிவு சொல்லாமலே முடிகிற சங்கீதம் அது. அதையும் ஜெபம் என்று ஏற்றுக்கொண்டுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

51-ஐக் கட்டாயம் குறியுங்கள். தாவீது தன் படைவீரன் உரியாவைத் திட்டமிட்டு முன்வரிசையில் நிறுத்திச் சாகடித்தான். அவன் சாவுக்கான உத்தரவை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான். அந்தப் பாவத்துக்குப் பிறகு பாடியது என்று தலைப்பிட்ட சங்கீதம் இது. இரத்தப்பழியிலிருந்து என்னை விடுவியும் என்று அதில் ஒரு வரி வரும். சண்டை முடிந்து ஊருக்கு வந்து, பகலில் சிரித்துப் பேசிவிட்டு ராத்திரி திண்ணையில் விழித்திருக்கும் பட்டாளத்துக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தான் செய்ததைப் பற்றி வெளியே யாரிடமும் பேச முடியாதவர்கள். அவர்களுக்கு அந்த வரி ஒரு வாசல்.

புதிய ஏற்பாட்டில் லூக்கா 3:14. சிப்பாய்கள் யோவான் ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்கும் கொடுமை செய்யாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்கிறார். துப்பாக்கி வைத்திருப்பவன் கிராமத்துச் சனங்களிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. லூக்கா 7-ல் வரும் நூற்றுக்கதிபதி, நூறு வீரர்களின் தலைவர், இருக்கிறாரே, ஊராரே அவருக்காகப் பரிந்து பேச வருகிறார்கள். ஆக்கிரமித்த நாட்டின் அதிகாரிக்காக! அவர் பதறுவது தன் வேலைக்காரன் உயிருக்காக. இந்த இரண்டையும் ஒரு பையன் மனசில் வைத்திருந்தால் அவன் எங்கே நின்றாலும் அங்கிருக்கும் சனங்களுக்குப் பயம் குறையும்.

உங்கள் பையன்களில் யாராவது காயம்பட்டாலோ, சிறைப்பட்டாலோ என்ன என்று அவர்கள் வீட்டில் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். 1949 ஜெனிவா ஒப்பந்தத்தில் போர்க்கைதிக்குத் தன் மதவழிபாட்டைச் செய்ய உரிமை உண்டு. படையோடு இருக்கும் மதகுருமார்களை எந்தத் தரப்பும் தாக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் சேர்ந்த நாடுகள். வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள்.

பார்சல் கட்டும் நாளைச் சொன்னால் நான் தேவகோட்டைக்கு வருகிறேன். பெரிய எழுத்துப் பிரதிகள் மூன்று என்னிடம் இருக்கின்றன, கொண்டுவந்து தருகிறேன். அதற்குள் அந்த மூன்று அம்மாக்களிடமும் அந்த நாலு வரியை எழுதி வாங்கி வையுங்கள். எழுதத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள், ஒரு வார்த்தையும் மாற்றாமல்.